உங்களுக்குத் தெரியுமா? பட்டாளத்துக் கடுதாசிகள்

போர் வரலாறு எழுதுகிறவர்களுக்குத் தளபதியும் வரைபடமும் போதும். சிப்பாய் வீட்டுக்கு எழுதும் கடுதாசியில் துணி விலை இருக்கும், அம்மாவின் மூட்டுவலி இருக்கும், கைச்செலவுக்குப் பணம் கேட்டு ஒரு வரி இருக்கும். அப்படிப்பட்ட சில கடுதாசிகளும், அவை ஊர் வந்து சேர்ந்த கதைகளும் இந்த இதழில்.

★ சீனாவில் கிடைத்த குடும்பக் கடிதங்களில் மிகப் பழையவை இரண்டுமே பட்டாளத்துக்காரர்கள் எழுதியவைதான். ஹூபெய் மாகாணத்தில், ஷுயிஹுதி என்ற இடத்தில், 1975-76இல் தோண்டிய ஒரு கல்லறைக்குள் இருந்தன. மெல்லிய மரப்பலகையில் மையால் எழுதியவை. காலம் கி.மு. 223 வாக்கில், சின் அரசு சூ அரசின்மேல் படையெடுத்த நேரம். ஹெய்ஃபூ, ஜிங் என்ற இரண்டு சகோதரர்கள் படையில் இருக்கிறார்கள். ஊரில் அம்மாவும் இன்னொரு சகோதரரும்.

ஹெய்ஃபூ அம்மாவுக்குச் சொல்லி அனுப்புவது இதுதான்: ஊரில் துணி மலிவாகக் கிடைத்தால் எடுத்துத் தைத்து, பணத்தோடு சேர்த்து அனுப்பு. விலை ஏறியிருந்தால் பணத்தை மட்டும் அனுப்பு, துணியை நான் இங்கேயே எடுத்துக்கொள்கிறேன். ஜிங்கின் நிலைமை இன்னும் மோசம். ஒருவரிடம் கைமாற்று வாங்கிச் செலவழித்துவிட்டார். ஐந்நூறு அறுநூறு காசு வந்து சேராவிட்டால் செத்தேன் என்று எழுதி, அவசரம் என்பதை மூன்று தரம் அடுக்கியிருக்கிறார். அந்த அவசரத்திலும், புதிதாக வந்த மனைவி வீட்டுப் பெரியவர்களை நன்றாகக் கவனித்துக்கொள்ள வேண்டும் என்று ஒரு வரி எழுத மறக்கவில்லை. எந்தச் சகோதரருக்குக் கடிதம் வந்ததோ, அவருடைய கல்லறைதான் அது என்று கருதுகிறார்கள். அவர் அவற்றைத் தூக்கிப் போடாமல் வைத்திருந்ததால்தான் ஜிங் கடன் வாங்கிய சங்கதி 2,200 ஆண்டு கழித்து நம்மிடம் வந்திருக்கிறது.

★ வடக்கு இங்கிலாந்தில் விண்டோலாண்டா என்ற ரோமானியக் கோட்டையின் ஈர மண்ணில், 1973 முதல், அஞ்சலட்டை அளவு மரச்சீவல்கள் கிடைத்து வருகின்றன. கி.பி. 100ஐ ஒட்டியவை. அவற்றில் ஒன்று, கோட்டையில் இருந்த ஒருவருக்கு வந்த பார்சலின் விவரம்: காலுறைகள், இரண்டு ஜோடி செருப்பு, இரண்டு உள்ளாடை. அந்த ஊர்க் குளிரை நினைத்தால் அனுப்பியவரின் அக்கறை புரிகிறது.

★ எழுதிய கடிதத்துக்குப் பதில் வராத கோபமும் பழையதுதான். எகிப்தின் டெப்டுனிஸ் ஊர்க்காரரான ஔரேலியஸ் போலியோன் ரோமானியப் படையில் சேர்ந்து, இன்றைய ஹங்கேரிப் பக்கம் இருந்தார். ரொட்டி விற்கும் அம்மாவுக்கும் உடன்பிறந்தவர்களுக்கும் அவர் எழுதிய பாப்பிரஸ் கடிதம் 1899 அகழாய்வில் கிடைத்தது. கிழிந்து நைந்து போனதால், முழுசாகப் படித்துப் பொருள் சொல்ல நூறு ஆண்டுக்கு மேல் ஆயிற்று. உள்ளே என்ன? ஆறு கடிதம் போட்டுவிட்டேன், ஒன்றுக்கும் பதில் இல்லை, என்னை மறந்துவிட்டீர்களா என்ற சண்டைதான். தளபதியிடம் விடுப்புக் கேட்டு ஊருக்கு வரப்போவதாகவும் எழுதியிருக்கிறார்.

★ முதல் உலகப்போரில் பிரிட்டனின் ராணுவத் தபால் எல்லாம் லண்டன் ரீஜண்ட் பூங்காவில் எழுப்பிய ஒரு மரக் கொட்டகைக்கு வந்து பிரிந்தது. ஐந்து ஏக்கர் பரப்பு. அன்று உலகத்திலேயே பெரிய மரக் கட்டடம் அதுதான் என்பார்கள். வேலை பார்த்தவர்கள் சுமார் 2,500 பேர், பெரும்பாலும் பெண்கள். போர் முடிவதற்குள் அவர்கள் கை வழியே போனவை 200 கோடிக் கடிதங்களும் 11 கோடியே 40 லட்சம் பார்சல்களும். லண்டனில் போட்ட கடிதம் இரண்டே நாளில் பிரான்ஸ் பதுங்குகுழிக்குப் போய்விடும். இன்றைக்குப் பக்கத்து ஜில்லாவுக்கே அந்த வேகம் கிடைப்பதில்லை என்று முணுமுணுக்கத் தோன்றுகிறதா? எனக்கும் தோன்றியது.

★ எழுத நேரமில்லாத சிப்பாய்க்கு அரசாங்கமே கடிதத்தை அச்சடித்துக் கொடுத்தது. படிவம் ஏ-2042 என்று பெயர். நம்மூர்க் கடிதங்களின் ‘இங்கு நலம், அங்கு நலமறிய ஆவல்’ மட்டும் அச்சில் வந்தால் எப்படி இருக்கும், அப்படி ஓர் அட்டை. ‘நலமாக இருக்கிறேன்’, ‘ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறார்கள்’, ‘உன் கடிதம் வந்தது’, ‘நெடுநாளாக உன்னிடமிருந்து கடிதம் இல்லை’ என்று வரிசையாக இருக்கும். வேண்டாததை அடித்துவிட்டுக் கையெழுத்தும் தேதியும் போட வேண்டும். அதற்குமேல் ஒரு வார்த்தை எழுதினாலும் அட்டை குப்பைக்குப் போகும் என்று அதிலேயே எச்சரிக்கை. ‘பயமாக இருக்கிறது’ என்று ஒரு வரி அச்சில் இல்லை. ஆனாலும் பெரிய தாக்குதல் முடிந்த சில நாளில் வீட்டில் வந்து விழுந்த அந்த அட்டைக்கு ஈடாக வேறெதுவும் இல்லை. தேதிதான் செய்தி.

★ சாதாரணச் சிப்பாயின் கடிதத்தை அவனுடைய சொந்தப் படைப்பிரிவு அதிகாரியே முதலில் படித்துத் தணிக்கை செய்வார். மனைவிக்கு எழுதும் கொஞ்சலை, காலையில் அணிவகுப்பில் சல்யூட் அடிக்க வேண்டிய ஆசாமி படிப்பதென்றால் யாருக்குத்தான் கூசாது? 1915இல் இதற்கொரு வழி வந்தது. பச்சை உறை. உள்ளே குடும்ப விஷயம் தவிர வேறில்லை என்று மேலே சத்தியம் செய்து கையெழுத்துப் போட்டுவிட்டால், தன் அதிகாரி திறக்க மாட்டார். தலைமை முகாமில் முகம் தெரியாத ஒருவர் மட்டும் இஷ்டப்பட்டால் திறந்து பார்ப்பார். அதிகாரிகளின் கடிதங்களுக்கு மட்டும் தொடக்கத்திலிருந்தே அவரவர் மானமே தணிக்கை.

★ அப்படிப்பட்ட அதிகாரிகளில் ஒருவர் ஜே.ஆர்.ஆர். டோல்கீன், பின்னாளில் ‘லார்டு ஆஃப் தி ரிங்ஸ்’ எழுதியவர். எங்கே இருக்கிறோம் என்று எழுதக் கூடாது என்பது விதி. அவரோ கடிதத்தில் புள்ளிகளை வைத்து ஒரு சங்கேதம் கற்பித்து, மனைவி ஈடித்துக்கு மட்டும் சொல்லி வைத்திருந்தார். ஈடித் வீட்டில் வரைபடத்தை வைத்துக்கொண்டு கணவர் நகர்வதைப் பின்தொடர்ந்தார்.

★ இனி நம் ஆட்கள். 1914 செப்டம்பர் 26 அன்று பிரான்ஸின் மார்செய் துறைமுகத்தில் இந்தியப் படை இறங்கியது. பிரான்ஸ், பெல்ஜியம் களங்களுக்கு மட்டும் போனவர்கள் சுமார் 1,38,000 பேர். பெரும்பாலும் பஞ்சாப், வடமேற்கு எல்லை, கட்வால், நேபாளம் பக்கத்து விவசாயக் குடும்பத்தார். பலருக்கு எழுதப் படிக்கத் தெரியாது. ஆனால் 1915 மார்ச் வாக்கில் வாரத்துக்குப் பத்தாயிரம் முதல் இருபதாயிரம் கடிதம் வரை அங்கிருந்து கிளம்பின! எழுதத் தெரிந்த ஒருவரைப் பிடித்து, சொல்லச் சொல்ல எழுத வைத்தார்கள். ஊரில் படிக்கத் தெரிந்த ஒருவர் உரக்க வாசிக்க, வீடும் அண்டை அயலும் உட்கார்ந்து கேட்டன. புருஷன் பெண்டாட்டிக்குச் சொன்ன சேதியை ஊரே கேட்டது என்றால், அந்தக் கடிதங்களில் கொஞ்சல் குறைவாகவும் ‘இன்னாருக்கு என் வணக்கம்’ அதிகமாகவும் இருப்பதில் வியப்பில்லை.

★ இவற்றைப் படிக்க பூலோன் நகரத்தில் ஓர் அலுவலகம். தலைவர் எவ்லின் ஹவல், இந்தியாவில் நிர்வாகப் பதவியில் இருந்தவர். கெதர் கட்சிப் புரட்சிக்காரர்கள் போன்றவர்களின் ராஜத்துரோகப் பிரசுரங்கள் சிப்பாய்களுக்குப் போய்விடக் கூடாதே என்ற பயத்தில் தொடங்கிய ஏற்பாடு அது. வரும் கடிதம், போகும் கடிதம் எல்லாவற்றையும் படிக்க ஆளில்லை. மாதிரிக்குச் சிலதை எடுத்து, ஆங்கிலத்தில் பெயர்த்து, வாராவாரம் அறிக்கை அனுப்பினார்கள். விந்தை என்னவென்றால், அசல் கடிதங்கள் பெரும்பாலும் எங்கே போயின என்று தெரியாமல் போய்விட்டன. உளவு பார்க்க எடுத்த பகுதிகள் மட்டும் லண்டன் பிரிட்டிஷ் நூலகத்தில் பத்திரமாக இருக்கின்றன. வரலாற்றாசிரியர் டேவிட் ஒமிசி 1999இல் அவற்றைத் தொகுத்து நூலாக்கினார். பஞ்சாப் விவசாயி பிரான்ஸைப் பற்றி என்ன நினைத்தார் என்று இன்று நமக்குத் தெரிவது போலீஸ் புத்தியின் புண்ணியத்தில்.

★ தணிக்கை நடக்கிறது என்பது சிப்பாய்களுக்கும் தெரியும். இரண்டு பக்கமும் தெரிந்துகொண்டு ஆடிய ஆட்டம். நிறைய பேர் செத்துப்போகிறார்கள், தம்பியைப் பட்டாளத்தில் சேர விடாதே என்று நேரே எழுதினால் கடிதம் நின்றுவிடும். அதனால் மிளகு பற்றி எழுதினார்கள். கறுப்பு மிளகு தீர்ந்து வருகிறது, இப்போது சிவப்பு மிளகைத்தான் போடுகிறார்கள் என்கிற மாதிரி. கறுப்பு என்றால் இந்தியச் சிப்பாய், சிவப்பு என்றால் வெள்ளைக்காரச் சிப்பாய். மளிகைக் கணக்கு மாதிரிப் போகும் இந்த வரிகளை ஹவல் அலுவலகம் வெகு சீக்கிரம் கண்டுபிடித்துவிட்டது. கண்டுபிடித்து அறிக்கையில் எழுதியதால்தான் நமக்கும் தெரிகிறது.

★ ஹவலை அதிகம் கவலைப்படுத்தியது மிளகு அல்ல, கவிதை! காயம்பட்ட ஆட்கள் கடிதத்தில் திடீரென்று பாட்டுக் கட்ட ஆரம்பிக்கிறார்கள், மனசு சரியில்லை என்பதற்கு இது ஒரு கெட்ட அறிகுறி என்று 1915 ஜனவரி அறிக்கையில் குறித்திருக்கிறார். கவிஞர்களைப் பற்றி வீட்டில் இருப்பவர்கள் காலம்காலமாகச் சொல்லி வருவதும் அதுதானே. ஆனால் அவர் கணிப்பு தப்பில்லை. இந்தப் போரை மகாபாரதத்தோடும் கர்பலாவோடும் ஒப்பிட்டுத்தான் பலர் எழுதினார்கள். வேறு எந்த அளவுகோலும் அவர்களிடம் இல்லை.

★ அழிவைப் பற்றி மட்டும் எழுதினார்கள் என்று நினைத்துவிடாதீர்கள். தங்கியிருந்த பிரெஞ்சு வீட்டுக் கிழவி பெற்ற மகனைப் போலப் பார்த்துக்கொண்டாள், அங்கே பெண்களுக்குப் படிக்கத் தெரிகிறது, கடை கணக்கு பார்க்கிறார்கள், வயலையும் கவனிக்கிறார்கள் என்று வியந்து எழுதியவர்கள் உண்டு. நம் வீட்டுப் பெண் குழந்தையையும் பள்ளிக்கு அனுப்பு என்று அங்கிருந்தே சொல்லி அனுப்பியவர்களும் உண்டு. சண்டை பற்றிய வரியை விட இந்த வரிக்குத்தான் ஊரில் எதிர்ப்பு வலுத்திருக்கும் என்பது என் ஊகம்.

★ காயம்பட்ட இந்தியர்களுக்கு 1914 டிசம்பர் முதல் 1916 ஜனவரி வரை இங்கிலாந்தின் பிரைட்டன் கடற்கரையில் இருந்த அரண்மனையே ஆஸ்பத்திரி. வெளியே மொகலாயக் கும்மட்டங்கள், உள்ளே சீனத்து டிராகன் விளக்குகள். சாதி, மத ஆசாரம் கெடாமல் இருக்க ஒன்பது சமையற்கூடங்கள், இந்துக்களுக்கும் முஸ்லிம்களுக்கும் தனித்தனிக் குழாய்கள். ராஜா தன் சொந்த மாளிகையையே நமக்குக் கொடுத்துவிட்டார், சொர்க்கம் என்றால் இதுதான் என்று ஊருக்கு எழுதினார்கள். விஷயம் என்னவென்றால், அந்த மாளிகையை விக்டோரியா மகாராணி 1850இலேயே நகராட்சிக்கு விற்றுவிட்டார். சிப்பாய்கள் நம்பியதை யாரும் திருத்தவில்லை. அந்த நம்பிக்கை கடிதத்தில் ஏறி இந்தியக் கிராமங்களுக்குப் போவது அரசாங்கத்துக்கு வசதியாகத்தான் இருந்தது.

★ 1914 கிறிஸ்துமஸ் அன்று ஆங்கிலேய, ஜெர்மன் சிப்பாய்கள் துப்பாக்கியை வைத்துவிட்டு நடுவெளியில் கைகுலுக்கிய கதை தெரிந்ததுதான். அது வெளியே வந்தது எப்படி? சிப்பாய்கள் வீட்டுக்கு எழுதினார்கள், வீட்டார் கடிதத்தை உள்ளூர்ப் பத்திரிகையில் கொடுத்துவிட்டார்கள். ஜனவரியில் படத்தோடு வந்தது. மேலிடம் கோபப்பட்டது, சேதி போனது போனதுதான்.

★ ராணுவ பிஸ்கட் எவ்வளவு கெட்டி? சிலர் அதன்மேலேயே விலாசம் எழுதி வீட்டுக்குத் தபாலில் அனுப்பியிருக்கிறார்கள். நூறு ஆண்டு தாண்டியும் அப்படியே அருங்காட்சியகங்களில் இருக்கின்றன. இதைச் சாப்பிடச் சொல்கிறார்கள் என்ற புகாரைத் தணிக்கைக்குத் தப்பிச் சொல்ல இதைவிட நல்ல வழி இல்லை.

★ ஆஸ்திரியாவில் கைதியாக இருந்த இத்தாலியச் சிப்பாய்களுக்குப் பட்டினி என்று வீட்டுக்கு எழுதத் தடை. அவர்களின் கடிதங்களைத் தணிக்கை செய்த அலுவலகத்தில் மொழியியலாளர் லியோ ஸ்பிட்சர் வேலை பார்த்தார். பசி என்ற சொல்லைச் சொல்லாமலே பசியைச் சொல்ல அந்தக் கைதிகள் கையாண்ட உபாயங்களை எல்லாம் சேகரித்து, போர் முடிந்ததும் ஒரு முழுப் புத்தகமே போட்டுவிட்டார்.

★ ஆங்கிலக் கவிஞர் வில்ஃபிரட் ஓவன் அம்மா செல்லம். அவருடைய கிடைத்திருக்கும் கடிதங்களில் மிகப் பெரும்பாலானவை அம்மாவுக்கு எழுதியவை. கடைசிக் கடிதம் 1918 அக்டோபர் 31 தேதியிட்டது. புகை மண்டிய ஒரு நிலவறையில், தோழர்கள் நெருக்கியடித்துக் கிடக்க, ஆபத்தொன்றும் இல்லை என்று எழுதினார். நவம்பர் 4ஆம் தேதி கால்வாய் கடக்கும்போது குண்டடி பட்டு இறந்தார். தந்தி ஷ்ரூஸ்பரி வீட்டுக்கு வந்த நாள் நவம்பர் 11. போர் முடிந்ததென்று ஊர் மணிகள் அடித்துக்கொண்டிருந்தன.

★ காகிதத் தட்டுப்பாடு. அமெரிக்க உள்நாட்டுப் போரில் ஒரு பக்கத்தை எழுதி முடித்ததும் தாளைக் குறுக்காகத் திருப்பி, எழுதிய வரிகளின் மேலேயே மறுபடி எழுதுவார்கள். பழகிவிட்டால் படித்துவிடலாமாம். தென் மாநிலங்களில் சுவரில் ஒட்டும் அலங்காரக் காகிதத்தைக் கிழித்து உறை செய்தார்கள், உள்பக்கம் பூப்போட்டிருக்கும்.

★ அந்தப் போரின் மிகப் புகழ்பெற்ற கடிதம் தபாலில் சேரவே இல்லை. மேஜர் சல்லிவன் பலூ, மனைவி சாராவுக்கு 1861 ஜூலை 14 அன்று எழுதியது. ஒரு வாரத்தில் புல் ரன் சண்டையில் படுகாயப்பட்டு, சில நாளில் இறந்தார். கடிதம் அவருடைய பெட்டிக்குள் இருந்து வீடு வந்தது. 1990இல் கென் பர்ன்ஸ் எடுத்த தொலைக்காட்சித் தொடரில் வாசிக்கப்பட்ட பிறகு அமெரிக்காவே அழுதது. அசல் தாள் இன்று இல்லை. கையால் எடுத்த நகல்கள்தான் இருக்கின்றன. சாரா மறுமணம் செய்துகொள்ளவில்லை, 1917 வரை வாழ்ந்தார்.

★ இரண்டாம் உலகப்போரில் கடிதத்தைப் படம் பிடித்துச் சுருக்கினார்கள். 1941இல் பிரிட்டன் ‘ஏர்கிராஃப்’ என்று ஆரம்பித்தது. 1942 ஜூனில் அமெரிக்கா ‘வி-மெயில்’ என்று தொடர்ந்தது. கடிதத்தை மைக்ரோஃபிலிம் சுருளில் ஏற்றி, விமானத்தில் அனுப்பி, போய்ச் சேர்ந்த இடத்தில் கை அளவுக்கு அச்சிட்டுக் கொடுப்பார்கள். ஒன்றரை லட்சம் ஒற்றைத்தாள் கடிதங்கள் சாதாரணமாக 37 மூட்டை, சுமார் 1,170 கிலோ. வி-மெயிலில் ஒரே மூட்டை, 20 கிலோ. மிச்சமான இடத்தில் குண்டும் மருந்தும் போயின. ஒரே தொல்லை, மனைவிமார் தாளின் அடியில் பதித்த உதட்டுச்சாயம். அது இயந்திரத்தில் ஒட்டிக்கொண்டு அடைத்ததால், ஊழியர்கள் அதற்கு ‘சிவப்புச் சனியன்’ என்கிற மாதிரி ஒரு பட்டப்பெயர் வைத்திருந்தார்கள்.

★ 1945 பிப்ரவரி, இங்கிலாந்தின் பர்மிங்காம். அமெரிக்கச் சிப்பாய்களுக்கு வந்த தபால் மாதக்கணக்கில் தேங்கி, சூடேற்றாத கிடங்குகளில் கூரை முட்டக் கிடந்தது. சுமார் 1 கோடியே 70 லட்சம் உருப்படி. கேக் பார்சல்களை எலி பிடித்துவிட்டது. பிரித்து அனுப்ப வந்தவர்கள் 6888ஆம் மத்திய அஞ்சல் பட்டாலியன்: 855 பெண்கள், பெரும்பாலும் கறுப்பினத்தவர், தலைவி மேஜர் சாரிட்டி ஆடம்ஸ். விமானத் தாக்குதலுக்குப் பயந்து ஜன்னலுக்குக் கறுப்பு அடித்திருந்ததால் பகலும் இருட்டு.

உறையில் வெறும் செல்லப்பெயர் மட்டும் இருக்கும். அல்லது ‘ராபர்ட் ஸ்மித், அமெரிக்க ராணுவம்’ என்று இருக்கும். ராபர்ட் ஸ்மித் என்று மட்டும் 7,500 பேர்! ஆளுக்கொரு அட்டையாக லட்சக்கணக்கில் எழுதி, படை எண்ணை வைத்துப் பிரித்தார்கள். மூன்று ஷிப்ட், ஒரு ஷிப்டுக்கு 65,000 உருப்படி. ஆறு மாதக் கெடு கொடுத்த வேலை மூன்று மாதத்தில் முடிந்தது. அமெரிக்க நாடாளுமன்றம் தங்கப்பதக்கம் தர முடிவு செய்தது 2022இல். அதற்குள் பெரும்பாலானோர் போய்ச் சேர்ந்துவிட்டார்கள்.

★ சோவியத் சிப்பாய்களின் கடிதத்துக்கு உறையும் இல்லை, தபால்தலையும் இல்லை. எழுதிய தாளையே முக்கோணமாக மடித்து, மிச்ச ஓரத்தைச் செருகிவிட்டு, மேலே விலாசம். ஒட்டக் கூடாது, தணிக்கைக்காரர் பிரித்துப் பார்த்து முத்திரை குத்த வேண்டுமே. தபால்காரர் கையில் முக்கோணம் தெரிந்தால் வீட்டில் நிம்மதி, ஆள் உயிரோடு இருக்கிறான். சதுர உறை வந்தால் அரசாங்கம் எழுதியது என்று அர்த்தம். அதைத் திறக்கவே கை வராது.

★ பின்னாளில் (1972) நோபல் பரிசு பெற்ற ஜெர்மன் எழுத்தாளர் ஹைன்ரிஷ் போல், 1939 நவம்பரில் போலந்திலிருந்து வீட்டுக்கு எழுதிய கடிதத்தில் கேட்டது ‘பெர்விட்டின்’ மாத்திரை. தூக்கத்தை விரட்டும் மாத்திரை, அன்று மருந்துக்கடையில் சாதாரணமாகக் கிடைத்தது. உள்ளே இருந்தது மெத்தாம்பெட்டமைன். அம்மா அப்பா பார்சலில் போதை மருந்து அனுப்பினார்கள் என்று சொன்னால் இன்று யாரும் நம்ப மாட்டார்கள்.

★ எல்லாக் கடிதத்தையும் நம்பிவிடவும் கூடாது. ‘ஸ்டாலின்கிராடிலிருந்து கடைசிக் கடிதங்கள்’ என்று 39 கடிதங்கள் கொண்ட நூல் போருக்குப் பின் ஜெர்மனியில் வந்து, பல மொழிகளுக்குப் போனது. முற்றுகையிலிருந்து வெளியேறிய கடைசி விமானத்தில் வந்த மூட்டையிலிருந்து எடுத்தது என்றார்கள். ஆராய்ந்தவர்கள் அது போலி என்கிறார்கள். ஒவ்வொரு கடிதமும் சிறுகதை மாதிரிக் கச்சிதமாக முடிகிறது. அசல் சிப்பாய் அப்படி முடிப்பதில்லை, செருப்பு அனுப்பு என்றுதான் முடிப்பான்.

★ ஐவோ ஜிமா தீவில் ஜப்பானியப் படைக்குத் தளபதி தடமிச்சி குரிபயாஷி. 1944 ஜூனில் அங்கே போனார். திரும்பப் போவதில்லை என்பது அவருக்குத் தெரியும். மனைவிக்கு எழுதிய கடிதத்தில் அவர் வருந்துவது எதற்குத் தெரியுமா? டோக்கியோ வீட்டுச் சமையலறைத் தரையின் இடுக்கு வழியே குளிர்காற்று வருகிறது, அதை அடைக்காமலே வந்துவிட்டேனே என்று. அடைக்க என்ன செய்ய வேண்டும் என்று யோசனையும் சொல்கிறார். இருபதாயிரம் பேரைச் சாவுக்குத் தயார் செய்துகொண்டிருந்தவர், மறுபுறம் மனைவியின் காலடிக் குளிரைப் பற்றிக் கவலைப்பட்டிருக்கிறார். 1920களின் கடைசியில் அமெரிக்காவில் படித்தபோது, எழுத்துக் கூட்டத் தெரியாத சின்ன மகனுக்காகப் படம் வரைந்து கடிதம் போட்டவர் அவர். யாரை எதிர்த்துச் சாகப்போகிறோமோ அவர்களின் தெருவும் காரும் குழந்தைகளும் அந்தப் படங்களில் இருக்கின்றன. 2006இல் கிளிண்ட் ஈஸ்ட்வுட் எடுத்த படத்துக்கு இக்கடிதங்கள்தான் அடிப்படை.

★ ஜப்பானியரிடம் சிக்கிய நேசநாட்டுக் கைதிகளுக்கு வீட்டுக்கு அனுப்ப ஓர் அட்டை, அதில் 25 சொல்தான் உச்சவரம்பு. மூன்றரை ஆண்டுச் சிறையில் அப்படிச் சில அட்டைகளே போயின. இவர்களோடு சேர்ந்து சயாம்-பர்மா மரண ரயில் பாதையில் உழைத்த மலாயா தோட்டத்துத் தமிழர்களுக்கோ போர்க்கைதி என்ற தகுதியே கிடையாது. கைதிகளுக்கு என்று வந்த அந்த 25 சொல்லும் அவர்களுக்குப் பொருந்தவில்லை. ரயில் பாதை பற்றி வெள்ளைக்காரர்கள் எழுதிய நூல்கள் நூலகம் நிறைய இருப்பதற்கும், நம்மவர் தரப்பு மெலிந்து கிடப்பதற்கும் இதுவும் ஒரு காரணம்.

★ அதே போரில் இந்திய ராணுவம் 25 லட்சம் பேராகப் பெருத்தது. சென்னை மாகாணத்தவரும் அதில் ஏராளம். வடஆப்பிரிக்காவிலும் இத்தாலியிலும் இருந்தவர்களுக்கு ஊர்ச் சேதி தெரிந்தது கடிதத்தால்தான். அரிசி விலை, மண்ணெண்ணெய்த் தட்டுப்பாடு, 1943 வங்கப் பஞ்சம் எல்லாம் கடிதத்தில் ஏறிப் போயின. களத்தில் மூன்று வேளை சாப்பாடு, அனுப்பும் பணத்துக்கு ஊரில் ஒரு மூட்டை அரிசி கிடைக்கவில்லை என்றால் சிப்பாய் மனம் எப்படி இருக்கும்? தணிக்கை அதிகாரிகளின் அறிக்கைகள் இதைப் பற்றியே கவலைப்பட்டன.

★ கர்ட் வானகட் என்ற அமெரிக்கச் சிப்பாய் காணாமல் போய்விட்டதாக வீட்டுக்குத் தகவல் வந்திருந்தது. 1945 மே 29 அன்று பிரான்ஸின் லே ஆவ்ர் முகாமிலிருந்து அவர் வீட்டுக்குக் கடிதம் எழுதினார். பிடிபட்டது, டிரெஸ்டன் நகரம் குண்டுவீச்சில் எரிந்தபோது உள்ளே இருந்தது, எல்லாம் வரிசையாக. சுற்றி இருந்தவர்கள் இப்படி இப்படிச் செத்தார்கள், நான் சாகவில்லை என்று வறட்டுக் கிண்டலோடு மறுபடி மறுபடி எழுதியிருக்கிறார். அந்தத் தொனியை ஒரு நாவலாக ஆக்க அவருக்கு 1969 வரை பிடித்தது.

★ 1914 செப்டம்பரில் பிரான்ஸுக்குப் போகும் கப்பலில் இருந்து ஒரு பிரிட்டிஷ் சிப்பாய், மனைவிக்கு எழுதிய கடிதத்தை இஞ்சி பானப் பாட்டிலில் போட்டு ஆங்கிலக் கால்வாயில் எறிந்தார். இரண்டு நாளில் இறந்தார். 1999இல் தேம்ஸ் முகத்துவாரத்தில் ஒரு மீனவர் வலையில் பாட்டில் சிக்கியது. மனைவி அதற்கு முன்பே காலமாகிவிட்டார். நியூசிலாந்தில் இருந்த மகளைத் தேடிப் பிடித்து நேரில் கொண்டுபோய்க் கொடுத்தார்கள். அப்பா போனபோது சின்னக் குழந்தை. கடிதம் வந்தபோது வயது 86.

★ இன்றும் நம் ஜவானுக்கு எழுதும் கடிதத்தில் ஊர்ப்பெயர் இருக்காது. எண், பதவி, பெயர், படைப்பிரிவு, பிறகு ‘மேற்பார்வை 56 ஏ.பி.ஓ.’ அல்லது ‘99 ஏ.பி.ஓ.’. சியாச்சினில் இருக்கிறாரா ராஜஸ்தானில் இருக்கிறாரா என்பது உறையைப் பார்த்து யாருக்கும் தெரியாது. இந்தியாவின் முதல் களத் தபால் நிலையம் 1856இல் பாரசீகப் படையெடுப்போடு போனது. ராணுவ அஞ்சல் சேவை தனிப் படைப்பிரிவானது 1972 மார்ச் 1 அன்று.

★ கார்கில் போரில் 1999 ஜூன் 29 அன்று 22 வயதில் இறந்த கேப்டன் விஜயந்த் தாப்பர், தாக்குதலுக்குப் போகுமுன் எழுதி வைத்துவிட்டுப் போன கடிதம் நாடறிந்தது. வீரவசனம் பற்றித்தான் எல்லாரும் பேசுகிறார்கள். அதில் கணக்கு வழக்கும் இருக்கிறது: அனாதை இல்லத்துக்குக் கொஞ்சம் பணம் கொடுங்கள், காஷ்மீரில் தனக்குப் பழக்கமான ஒரு சிறுமிக்கு மாதம் 50 ரூபாய் தொடர்ந்து அனுப்புங்கள், முடிந்தால் நான் சண்டையிட்ட இடத்தை வந்து பாருங்கள். அப்பாவும் ராணுவ அதிகாரி. பின்னாளில் மலையேறிப் போய்ப் பார்த்தார்.

★ துபாய்க்கும் சிங்கப்பூருக்கும் போனவர்கள் ஊருக்குப் போட்ட அந்த நீலநிற மெல்லிய ஏரோகிராம் நினைவிருக்கிறதா? மூன்று மடிப்பு, ஓரத்தில் பசை, மடித்தால் அதுவே உறை. யோசனை 1933இல் ஈராக் அஞ்சல் துறையில் பிறந்தது. உலகம் முழுக்கப் பரவியதோ, 1941இல் மத்தியக் கிழக்கில் இருந்த பிரிட்டிஷ் சிப்பாய்களுக்கு அதைக் கொடுத்த பிறகு. விமானத்தில் எடை மிச்சம், உள்ளே வேறு எதையும் திணிக்க முடியாது, தணிக்கைக்கும் வேலை குறைவு. பிறகு அதுவே உள்நாட்டுக்கும் இன்லேண்ட் லெட்டர் என்று 1950இல் நம் தபாலாபீசில் விற்பனைக்கு வந்தது.